தொட்டியில் அவரை, விரலில் நூல்

மாடித் தோட்டத்துக்கு நீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்தபோது என் இடது காலில் செருப்பு இல்லை. எந்தப் படியில் கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நான்காவது படியில் அது தனியாகக் கிடந்தது. வயதாகிறது என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டேன்.

அது ஆவணி மாதம். அதற்குச் சில நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்கு வந்து தானாகவே சரியாகியிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? மறுநாள் இரண்டு பாதங்களும் மரத்தன. அதற்கடுத்த நாள் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. சாயங்காலம் தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என் கணவர் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். அவர் என்னைக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்த மருத்துவர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஒரு நரம்பியல் மருத்துவர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. பிறகு, "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்கம்மா" என்றார். விளையாட்டா என்று நினைத்தேன். மூச்சுத் தசை தளர்கிறதா என்று பார்க்கும் வழி அது என்று பிறகு சொன்னார்கள். இருபதைத் தாண்டினேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நோயின் பெயர் கில்லன்-பாரே (வயிற்றுப்போக்கு போன்ற தொற்றுக்குப் பிறகு சிலருக்கு, கிருமியை விரட்ட வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்குவது). முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. யாரோ முகம் தெரியாத ஆட்கள் கொடுத்த ரத்தம். அவர்களுக்காக இன்றும் துஆ செய்கிறேன்.

"நடந்துருவீங்க. கொஞ்சம் மாசமாகும். விரல்தான் கடைசியா வரும், பொறுமையா இருக்கணும்" என்றார் மருத்துவர்.

பொறுமையாம்! எனக்கு அதைத் தவிர எல்லாம் உண்டு. என் மகன் ரியாஸுக்குத் தை மாதம் நிக்காஹ் என்று நிச்சயம் செய்திருந்தோம். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைத் தொப்பியைக் கடையில் வாங்குவதில்லை. பெற்றவள் தன் கையால், கொக்கி ஊசியில் குரோஷா பின்னிக் கொடுக்க வேண்டும். என் கணவர் எங்கள் நிக்காஹில் போட்டிருந்ததும் என் மாமியார் பின்னியதுதான். ஊரில் எத்தனையோ பேருக்குத் தொப்பியும் மேசை விரிப்பும் பின்னிக் கொடுத்தவள் நான். ரியாஸுக்கென்று நல்ல நூல்கண்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தேன். இப்போது என்னால் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

புரட்டாசியில் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினேன். மாடிக்கு ஏற முடியாது. ஆடியில் விதைத்த கத்தரியும் வெண்டையும் மேலே என்ன கதியில் இருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொண்டது. என் கணவர் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுவந்து முற்றத்தில் வரிசையாக வைத்தார்.

நல்ல மனசுதான், வேலைதான் தெரியாது. பாதிச் செடிகள் தண்ணீர் அதிகமாகி அழுகியிருந்தன. மிளகாய்த் தொட்டியில் மிளகாய் நாற்று காய்ந்துபோக, குப்பைமேனிக் களை ஒன்று கொழுகொழுவென்று நின்றது. அதற்குக் குச்சி நட்டு நூல் வேறு கட்டியிருந்தார்.

"மச்சான், இது என்னன்னு தெரியுமா?"

"மொளகாச் செடி. நல்லாத்தானே வளருது?"

"குப்பைமேனிக்குப் பந்தல் போட்ட ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீக."

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதிகாரம் செய்தேன். ஆலையிலிருந்து உமியும் உமிச் சாம்பலும் கொண்டுவரச் சொன்னேன். செம்மண்ணோடு அதைக் கலந்து தொட்டி நிரப்பினார். "இங்குட்டு வைங்க, அங்குட்டு வெயில் பத்தாது" என்று நான் சத்தம் போட, அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். என் உடம்பில் வாய் மட்டும் முழு பலத்தோடு இருந்தது.

விதை மட்டும் நானே போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிசியோதெரபிக்கு வந்த பெண் (அசைவுப் பயிற்சி தருபவர்) ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தாள். பந்தை அமுக்கி யாருக்கு என்ன லாபம்? அதற்குப் பதில் விதையை எடுத்துப் போடுகிறேன் என்றேன். "அதுவும் நல்ல பயிற்சிதாம்மா, பெரிய விதையில ஆரம்பிங்க" என்றாள்.

பெரிய விதை என்றால் அவரை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். அவை சேரவே இல்லை. ஒரு கிண்ணம் அவரை விதையை முற்றமெல்லாம் சிதறவிட்டேன். எடுத்தேன், விழுந்தது. விழுந்ததை எடுத்தேன், மறுபடி விழுந்தது. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்போது உட்கார்ந்தவள் சாயங்காலம் அஸர் பாங்கு கேட்கும்போது ஒரு தொட்டி முடித்திருந்தேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அழுதேன். அழுதால் கை வராமல் போய்விடாது, அழுங்கள்.

ஐப்பசியில் அவரை இரண்டு இலை விட்டது. நானும் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தேன். ஊசி மெலிது, பிடி நிற்கவில்லை. என் கணவர் சைக்கிள் டியூபை வெட்டி அதில் சுற்றிக் கொடுத்தார். தொப்பியின் உச்சியில், நடுப்புள்ளியிலிருந்து தொடங்கினேன். கண்ணிகள் தொளதொளவென்று வந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒரு நாளைக்குக் கால் சுற்றுகூடப் போகாது. அதற்குள் கை ஓய்ந்துவிடும். அப்படியே டப்பாவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். இந்த நோயில் அசதி பெரிய அசதி, அதைச் சோம்பல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் நாத்தனார் நூர்ஜகான், எனக்கு நூரு, அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் தூங்கும் மத்தியானங்களில் அவள்தான் வந்து துணைக்கு இருப்பாள். குரோஷாவை நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் என் மாமியாரிடம் கற்றுக்கொண்டோம்.

ஒரு நாள் டப்பாவைத் திறந்தால் என் பின்னல் எனக்கே அழகாகத் தெரிந்தது. கண்ணிகள் வரிசையாக, ஒரே அளவில் இருந்தன. நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் இவ்வளவா பின்னினேன்? அடுத்த நாளும் அப்படியே. தொப்பி உள்ளங்கை அகலம் வந்துவிட்டது. கை வந்துவிட்டது என்று வீடெல்லாம் கூவினேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ரியாஸுக்குப் படம் அனுப்பினேன். மதுரைக்கு மறுபரிசோதனைக்குப் போகும்போது தொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவர் என் பிடியை அளந்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"பலம் போன மாசம் மாதிரியேதாம்மா இருக்கு. இதைப் பின்னினது நீங்களா?"

"நான்தான் டாக்டர்!"

அவர் தொப்பியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். மறுக்கவில்லை. "தொடர்ந்து செய்ங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்தப் பார்வை என்னைக் குடைந்தது.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் வலது கைக்காரி. என் சுற்று வலமிருந்து இடமாகப் போகும். உச்சியில் இரண்டு சுற்று அப்படித்தான் போயிருந்தது. அதற்கு மேல் எல்லாமே இடமிருந்து வலமாகப் போயிருந்தன. எங்கள் குடும்பத்தில் இடது கையால் பின்னுகிறவள் ஒருத்திதான்.

நூரு வந்ததும் தொப்பியை அவள் மடியில் போட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மதினி, வெதையப் பொறுக்கிக்கிட்டு நீங்க அழுததைப் பாத்தேன். மனசு கேக்கல. நீங்க அன்னன்னைக்குப் பின்னுனதைப் பிரிச்சுட்டு, கொஞ்சம் சேத்துப் பின்னி வச்சேன். ஒரு தெம்பா இருக்குமேன்னுதான்..."

"ஊரெல்லாம் கை வந்துருச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேனேடி! டாக்டர்கிட்டப் போயி நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்தேனே!"

"நிக்காஹுக்குத் தொப்பி வேணுமே மதினி."

"எனக்குத் தொப்பி வேணாம் நூரு. எனக்கு என் கை வேணும்."

இருவரும் அழுதோம். எனக்கு வந்தது கோபம் மட்டுமில்லை. கை வந்துவிட்டது என்று நம்பியிருந்த அந்தச் சில நாட்களை மறுபடி இழந்த துக்கம். ஆனால் அவளை வெறுக்க முடியவில்லை. அன்பில் பிழை செய்கிறவர்களை என்னதான் செய்வது? நூலை இழுத்தேன். என்னுடைய இரண்டு சுற்றையும் விட்டுவைக்காமல் நடுப்புள்ளி வரைக்கும் பிரித்தேன். பிரிப்பது மட்டும் எவ்வளவு சுலபமாக இருந்தது!

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினார். நான் முதலிலிருந்து தொடங்கினேன். தொளதொளத்த கண்ணி, கால் சுற்று, தூக்கம். தூங்கப் போகும்முன் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன், இனி எவளும் கை வைக்கக் கூடாது என்று. நூரு அதைப் பார்த்துவிட்டு, "போலீஸ்ல வேணா எழுதிக் குடுங்க மதினி" என்றாள்.

மார்கழிப் பனியில் அவரை பூத்தது. ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தேன். அவரையிலிருந்து வெண்டை விதைக்கும், வெண்டையிலிருந்து மிளகாய் விதைக்கும் விரல் இறங்கி வந்திருந்தது. ஒரு காலை நேரம், கடுகைவிடப் பொடியான கீரை விதையைச் சிட்டிகையாக எடுத்துத் தூவினேன். விரல் நுனியில் அதன் நறநறப்பு தெரிந்தது. "மச்சான், தெரியுது! தெரியுது!" என்று கத்தினேன். அவர் என்னமோ ஏதோ என்று துண்டோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தார்.

தொப்பியும் வளர்ந்தது. எந்தச் சுற்றுக்கு எத்தனை கண்ணி என்று எனக்கு மனப்பாடம். எண்ணிப் பின்னினால் அளவு தானாக வரும் என்று, யார் தலையிலும் வைத்துப் பார்க்காமல் பின்னினேன். தையில் கடைசிக் கண்ணியைப் போட்டு நூலை நானே வெட்டினேன்.

ரியாஸ் ஊருக்கு வந்தான். நிக்காஹுக்கு முந்தைய நாள் காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்தவன் தலையில் தொப்பியை வைத்தேன். இறங்கவில்லை. உச்சி தொளதொளவென்று பை மாதிரி நின்றது. ஓரம் காதுக்கு மேலேயே இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டது. அவன் வலிக்கவில்லை என்று பொய் சொன்னான். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காத. எதுக்கும் இருக்கட்டும்னு கடையில ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. தொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணி எண்ணிக்கையில் தப்பே இல்லை. உச்சி பின்னும்போது நூலை இழுக்க எனக்குப் பலம் இல்லை. ஓரம் வருவதற்குள் பலம் வந்துவிட்டது. வந்தது தெரியாமல் இழுத்து இழுத்துப் பின்னியிருக்கிறேன். எந்த மருத்துவமனைச் சோதனையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சிரித்தேன். அப்பாவும் மகனும் என்னைக் கலவரமாகப் பார்த்தார்கள்.

"காலையில பசியாற வைக்கிறதுக்குள்ள முடிச்சுருவேன். எல்லாரும் அங்குட்டுப் போங்க."

மார்கழி மாதம் முழுக்கப் பின்னிய சுற்றுகளை இழுத்துப் பிரித்தேன். கொஞ்சம் பெரிய ஊசியை எடுத்துக்கொண்டு, கையை இளக்கி, மறுபடி பின்னத் தொடங்கினேன். நூரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இடியாப்பம் ஈடு ஈடாக வெந்து இறங்கியது. கடைசி ஈடு இறங்கும்போது நான் நூலை வெட்டினேன். தொப்பி ரியாஸின் காது வரை சரியாக இறங்கியது. உச்சித் தளர்வை அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் நிக்காஹில் யாராவது அதைக் கவனித்திருந்தால், இந்தப் பொம்பளைக்குப் பின்னத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஒரு மாதத்து வேலை ஒரு காலையில் முடிந்தது. முன்பென்றால் அதை வேகம் என்று பெருமையடித்திருப்பேன். இப்போது அந்த மாதமும் அந்தக் காலையும் எனக்கு ஒரே எடைதான். இதே நோயோடு படுத்திருப்பவர்கள், மற்றவர்களுடைய நாள்காட்டியைப் பார்த்து உங்கள் உடம்பைத் திட்டாதீர்கள். அது வேறு கணக்கில் வருகிறது, ஆனால் வருகிறது.

அன்று சாயங்காலம் வலது கை வலித்தது. படுக்கையில் கிடந்தபோது இரவும் பகலும் வாட்டிய அந்த நரம்பு எரிச்சல் இல்லை. மணிக்கட்டில், கட்டைவிரல் அடியில், பின்னிப் பின்னி வருமே, அந்தப் பழைய வலி. "கை வலிக்குது மச்சான்" என்றேன். அவர் பதறிப்போய் மாத்திரையைத் தேட எழுந்தார்.

"உக்காருங்க. கொஞ்ச நேரம் வலிக்கட்டும்" என்றேன்.