நேர்த்திக்கு விட்ட முந்திரிகை

பூரணத்துக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பிலோமினா. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை; கூப்பிட்டிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த சைவக் குடும்பத்துப் பெண். எண்பத்துமூன்றில் சைக்கிள் திருத்துகிற யாகோப்பு மேல் ஆசை வைத்து, அவனைக் கட்டுவதற்காகத் தலையில் தண்ணீர் வார்க்கச் சம்மதித்தாள். அவ்வளவுதான். ஞாயிறுகளில் புருஷனோடு கோயிலுக்குப் போவாள், வாசலடியில் நிற்பாள், பூசை முடிந்ததும் அவனுக்கு முன்னாலேயே வெளிக்கிட்டுவிடுவாள். முழந்தாளிடச் சொன்னால் முழங்கால் நோகிறது என்பாள். நாள் முழுக்கத் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கும்போது மட்டும் அந்த முழங்கால் நோகாது!

யாகோப்பு பின்வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு முந்திரிகைக் கொடி நட்டான். முந்திரிகை என்றால் எங்கள் பக்கத்தில் திராட்சை. கொட்டை வறுத்துத் தின்கிற மரம் வேறு. வருஷத்தில் இரண்டு தரம் கத்தியை எடுத்துக் கொடியை மொட்டையாகத் தறித்துவிடுவான். ஓர் இலை மிஞ்சாது. தறித்தால்தான் காய்க்கும் என்று சிரிப்பான். பூரணத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. அவன் தறிக்கிற நாட்களில் கோபித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவாள்.

தொண்ணூற்றுமூன்றில், சைக்கிள் சாமான் எடுக்க வவுனியாவுக்கு வெளிக்கிட்டவன் கிளாலிக் கடலைத் தாண்டவில்லை. படகுக்குக் கடற்படையின் துவக்குச் சூடு விழுந்தது என்றார்கள். உடம்பு வரவில்லை. அடக்கம் செய்யாத சாவுக்கு எப்படி அழுவது என்று பூரணத்துக்குத் தெரியவில்லை, அழவேயில்லை. கோயிலுக்குப் போவதையும் விட்டாள். பங்குச் சுவாமி அடைக்கலநாதன் இரண்டு மூன்று தரம் வந்து பார்த்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாளே தவிர வேறு கதை இல்லை. கொடியில் ஒருவரையும் கை வைக்க விடவில்லை. கடைசியாக அவன் கை பட்டுத் துளிர்த்ததல்லவா! அது இரண்டு வருஷம் இலையும் கொப்புமாகப் பந்தலை மூடிக் கிடந்தது. ஒரு குலை இல்லை.

தொண்ணூற்றைந்து ஆடியில் இராணுவத்துக்குப் பயந்து ஊரே ஓடித் திரும்பி வந்தபோது, ஷெல் விழுந்து பந்தலின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிமிர்த்துவதென்றால் கொடியைத் தறித்தேயாக வேண்டும். பூரணம் புருஷனுடைய கத்தியை எடுத்தாள். யாரோடு கோபமோ, கண்மண் தெரியாமல் தறித்தாள். முடித்து நிமிர்ந்து பார்த்தால், தறித்த முனை ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. மழை இல்லை, பனி இல்லை. கொடிக்குள்ளிருந்து தெளிந்த தண்ணீர், சொட்டுச் சொட்டாக. பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் இதை அவள் கண்டதில்லை. பந்தலுக்குக் கீழே குந்தினாள். தலையிலும் தோளிலும் அது விழுந்துகொண்டேயிருந்தது. இரண்டு வருஷத்து அழுகையை அன்று மத்தியானத்துக்குள் அழுது தீர்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் முளை வந்தது. முளையோடு சேர்ந்து கடுகளவில் பூங்கொத்தும் வந்தது. விறகு என்று எறிய இருந்த தடிக்குள் இது எங்கே ஒளித்திருந்தது? யாகோப்பு வைத்ததல்ல, நானும் வைக்கவில்லை, பிறகு யார் என்று கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனவள் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய், நடுவில், முழந்தாளிட்டாள்.

பொருளாதாரத் தடையால் பூசைக்கு வைன் வருவதில்லை, பந்தல் உள்ளவர்கள் முந்திரிகைப் பழம் தந்து உதவ வேண்டும் என்று சுவாமி அன்று கேட்டார். பூரணம் அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்தாள். இந்தக் காய்ப்பு முழுக்க ஆண்டவருக்கு, யாகோப்பின் ஆத்துமத்துக்காக. ஒரு பழம்கூட வேறு வாயில் படாது. சவர்க்காரத்துக்கே வழியில்லாத காலம், உரத்துக்கு எங்கே போவது? ஆட்டெரு சுமந்து வந்து போட்டாள். புருஷனின் பழைய சாரங்களைக் கிழித்துப் பை தைத்து, வௌவால் தொடாமல் குலைகளுக்குக் கட்டினாள். ஏழு குலை. தான்கூட ஒன்றைப் பிய்த்து ருசி பார்க்கவில்லை.

ஒக்டோபர் முப்பதாம் திகதி, இராணுவம் நெருங்கிவிட்டது, ஊரைவிட்டு எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் விடிந்தவுடன் பூரணம் வெளிக்கிட்டாள். ஒரு கையில் உடுப்புப் பை. மற்றக் கையில் ஓலைப்பெட்டி, அதற்குள் ஏழு குலையும், மேலே வெள்ளைத் துணி.

நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற ஒற்றை வீதியில் வலிகாமத்துச் சனம் முழுக்க நின்றது. ஓர் அடி வைக்க அரை மணித்தியாலம். பக்கத்தில் இணுவில் பெண் ஒருத்தி, தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தாள். கிழவருக்கு நெற்றி நிறையத் திருநீறு. மழை விட்டு வெயில் எரித்தது. குடிக்கத் தண்ணீர் ஒருவரிடமும் இல்லை. துணி விலகிய பெட்டியைக் கிழவர் கண்டார்.

"பிள்ளை, தொண்டை வறண்டுபோச்சுது. உதிலை ஒரு பழம் தாவன்."

பூரணம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்பு, குறை நினையாதேங்கோ. இது கோயிலுக்கு நேர்ந்த பழம்."

கிழவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "சாமிக்கு எண்டால் தொடக்கூடாது, பிள்ளை. தெரியாமல் கேட்டுப்போட்டன்" என்று அவர்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நேர்த்தி என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். பூரணம் துணியை இழுத்து மூடினாள்.

பாலத்தடிக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. கிழவரின் தலை சீட்டில் கவிழ்ந்திருந்தது. நித்திரை என்றுதான் மகள் நினைத்திருந்தாள். தொட்டு உலுக்கியபோதுதான் தெரிந்தது. நின்று அழக்கூட அங்கே இடமில்லை. பின்னால் வந்த சனம் பூரணத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் சாவகச்சேரியில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில், அடைக்கலநாதன் சுவாமியைக் கண்டாள். வாத்தியாருடைய மேசையில் துணி விரித்துப் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு அலைச்சலுக்குள்ளும் ஆண்டவருக்கென்று காப்பாற்றிக் கொண்டுவந்தாயே என்று இரண்டு கையாலும் வாங்கப் போனார். பூரணம் பெட்டியை விடவில்லை.

"வேண்டாம் சுவாமி. ஆண்டவர் வழியிலையே வந்து கேட்டவர். நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

நடந்ததை எல்லாம் சொன்னாள்.  கேட்டிருந்த சுவாமி, அந்தப் பெரியவருக்காக இன்றைய பூசையில் மன்றாடுவோம், பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரைக்கூட நான் கேக்கேல்லை, சுவாமி."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைகளுக்குள் போனாள். அங்கே படுத்துக் கிடந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் குனிந்து, முதலில் பெயரைக் கேட்டு, பிறகு பழத்தைக் கையில் கொடுத்தாள்.