வளைந்த துண்டில் இரண்டு கோடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மயிலாப்பூரிலிருந்து பஸ். வேதியியல் படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நினைத்தார்கள். வீட்டாரைவிட அதிகமாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பட்டறையில் ரசாயனத் தொட்டிகள் செய்தார்கள். கனத்த இரும்புத் தகட்டின் உட்புறம் அரித்துப் போகாமலிருக்க, வீட்டில் எவர்சில்வர் என்கிறோமே, அந்த இனத்து உலோகத்தை உருக்கி வரிவரியாக ஒரு படலம் போடுவார்கள். அந்த வேலைக்கு வெல்டர் லாயக்குதானா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. அவர் போட்ட மாதிரித் தகட்டிலிருந்து குறுக்காக நான்கு துண்டு அறுத்து, கொண்டை ஊசி மாதிரி வளைப்போம். வளைவின் முதுகில் பிளவு விட்டிருந்தால் அளப்போம். படலத்துக்குள் என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. படலமும் இரும்பும் சேரும் கோட்டிலேயே என்றால் மூன்று வரை விடலாம்.

அன்று வந்தவை நாற்பது தாண்டிய ஒரு வெல்டருடைய துண்டுகள். தேறினால் அவர் தொட்டி வேலைக்குப் போகலாம், பல வருஷமாக அவர் ஏங்கிய வேலை. மூன்று துண்டுகள் சுத்தம். நாலாவதில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சின்னதாக வாய் பிளந்திருந்தது.

சேரும் கோடு தெரிவதற்காக அமிலம் தடவினேன். ஒரு கோடு தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தன. மேலே பளபளப்பு, கீழே சாம்பல், நடுவில் கருத்த ஒரு பட்டை. பிளவு பட்டையின் மேல்விளிம்பில் இருந்தது. மேல்விளிம்புதான் சேரும் கோடு என்றால் ஆள் பாஸ். கீழ்விளிம்பு என்றால் பிளவு படலத்துக்குள், ஃபெயில். ஜன்னலோரம் லென்ஸை வைத்துப் பார்த்தேன், விளக்கடியில் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. எங்கள் மேலாளர் வெளியூர் போயிருந்தார். நாலு நாள் பொறுத்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, வறட்டு கௌரவம். கறாராக இருந்தால் தப்பில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"நாலாவது பீஸ் போயிடுச்சு."

"நல்லாத்தானே போட்டேன்?" என்றவர், "சரி, நீங்க படிச்சவங்க. பாத்துத்தான் சொல்லுவீங்க" என்று போய்விட்டார்.

மேலாளர் வந்ததும் துண்டை ஒரு பார்வை பார்த்தார். "கருப்பா இருக்கறதும் இரும்புதாம்மா. வெல்டிங் சூட்டுல அப்படி மாறியிருக்கு. மேல்கோடுதான் சேர்ற இடம். ஆள் பாஸாச்சே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அறிக்கையை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். வெல்டர் தொட்டிகளுக்கான இரும்புக் கால்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர்கள் மறுபடி சோதனைக்குப் போகச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாராம்.

"தப்பு என்னோடது. நீங்க பாஸ்" என்று காகிதத்தை நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. "மேனேஜராண்ட எனக்காவ பேசிக்கீறீங்க. நல்ல மனசு. ஆனா வேணாம்மா."

"யார்கிட்டயும் பேசலை. நிஜமாவே கோட்டை மாத்திப் பார்த்துட்டேன்."

"எனக்குத் தெரியாதாம்மா? நாலு நாளா அதையேதான் நெனச்சுக்கினு கீறேன். மூணாவது வரி போடசொல்லோ கை நடுங்குச்சு. நடுங்குற கைய வெச்சுக்கினு தொட்டி வேலைக்குப் போவலாமா?"

இதைச் சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார். அந்தச் சோதனைத் தகட்டில் அவர் படலம் போட்ட அன்று, கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் கை நடுங்கவே இல்லை.