ரூத் கடைத் துப்பாக்கி

மாமல்லபுரம் கடற்கரையில் ரூத்தின் பலூன் கடையைத் தாண்டாமல் யாரும் அலையில் கால் நனைக்க முடியாது. சும்மா தாண்டிப்போக அவளும் விடமாட்டாள். "வா அண்ணாத்த, ஒரு பலூன் ஒட்ச்சிட்டுப் போ. வூட்ல மதிப்பு ஏறும்" என்று புதுமாப்பிள்ளைகளைப் பார்த்துக் கூவுவாள். பக்கத்தில் நிற்கும் மனைவி சிரித்துவிட்டால் மாப்பிள்ளை துப்பாக்கியைத் தூக்கியே ஆக வேண்டும். குறி தவறினால் ரூத் கூடவே நின்று சொல்லிக்கொடுப்பாள். "மூச்ச இழுத்துப் புடி. கொஞ்சம் எடது பக்கமா வை. கை ஆடுது பாரு!"

தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவலர் கேசவன் வந்து அவளுடைய இரண்டு காற்றுத் துப்பாக்கிகளையும் தூக்கிக்கொண்டார். ஓட்டு எண்ணி முடியும்வரை துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம்.

"அது லைசன்ஸ் வச்சிகினு கீறவங்களுக்குண்ணா. இதுக்கு லைசன்சே கெடையாது."

"லைசன்சே கெடையாதா? அப்ப இன்னும் பேஜாராச்சே!" என்றார் கேசவன்.

ரூத் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். அங்கே கலெக்டர் அலுவலகத்தில் ஒருவர், தோட்டாக்களை எங்கே பூட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இன்னொருவர், உயிருக்கு யாரால் ஆபத்து என்று கேட்டார்.

"பலூனுக்குத்தான் சார் ஆபத்து" என்றாள்.

கடைசியில் அதிகாரி பரணிதரனிடம் அனுப்பினார்கள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "சுட்டுப் பார்க்கணும்மா. குண்டு பலகையைத் துளைத்தால் லைசன்ஸ் வாங்கணும். துளைக்காவிட்டால் விளையாட்டுச் சாமான்" என்றார்.

"நீங்க துப்பாக்கி சுட்டுக்கீறீங்களா சார்?"

"போன மாதம்வரை பட்டா மாறுதல் பார்த்தேன்" என்றார் அவர், மறைக்காமல்.

ரூத்துக்கு எரிச்சலான எரிச்சல். திரும்பி வந்ததும் சுண்டல் விற்கும் சரோஜாவிடம் கொட்டித் தீர்த்தாள். "பட்டா பாத்தவரு துப்பாக்கி பாக்குறாரு. துப்பாக்கி தெரிஞ்சவரு எங்க பட்டா பாத்துகினு கீறாரோ! ஒரு தபா கூட சுடாதவங்களுக்கு இன்னாடி சட்டம்?"

அந்த வாரமே பரணிதரன் பலகையோடு கடற்கரைக்கு வந்தார். கேசவன் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார். பலகையை மணலில் நட்டார்கள். பரணிதரன் சுட்டார், படவில்லை. மறுபடி சுட்டார், அப்போதும் இல்லை. பயிற்சிக் காலத்தில் ரைஃபிள் பிடித்த கேசவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுட்டார். குண்டு கடலுக்குப் போனது. சரோஜா கை தட்டினாள்.

"குடுங்க இங்க" என்று ரூத் துப்பாக்கியைப் பிடுங்கினாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். கொஞ்சம் இடது பக்கமாக வைத்தாள். சுட்டாள்.

குண்டு படாமல் பலகை அப்படியே நின்றது.

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், தான் ஒருமுறையும் சுட்டதில்லை. காது மடல் சுட்டது.

பரணிதரன் வாய்விட்டுச் சிரித்தார். "விஷயம் முடிந்தது. இது எதையுமே அடிக்காது என்று எழுதிவிடுகிறேன். லைசன்ஸ் வேண்டாம்."

"ஐயையோ, அப்டி எழுதாதீங்க சார்! அடிக்காதுன்னு தெரிஞ்சா எவன் கடைக்கு வருவான்?"

"அப்போ அடிக்கும் என்று எழுதட்டுமா? லைசன்ஸ் கேட்பார்கள்."

ரூத் துப்பாக்கியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பலூன ஒடைக்கும்னு எழுதுங்க சார். பலகைய ஒண்ணும் பண்ணாது."

அவர் அப்படியே எழுதினார்.

"பலகைல படவே இல்லியே சார்?" என்றார் கேசவன்.

"படாமல் எப்படிய்யா துளைக்கும்?" என்று கையெழுத்துப் போட்டார் பரணிதரன்.

துப்பாக்கிகள் அன்றே கடைக்குத் திரும்பின. துப்பாக்கியே தெரியாதவர்கள் துப்பாக்கிச் சட்டம் பார்க்கிற கதையை ரூத் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். தான் சுட்டதை மட்டும் விட்டுவிட்டாள். பக்கத்திலேயே நின்ற சரோஜா அதை விடாமல் சேர்த்துச் சொன்னாள்.

அதனால் இப்போதெல்லாம் ரூத் கூட்டம் சேருமுன்பே வந்து சுட்டுப் பழகுகிறாள். முதலில் பின்னால் கட்டிய படுதாதான் ஓட்டையானது. ஒருநாள் பச்சைப் பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். படகு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது; சரோஜா இன்னும் வந்திருக்கவில்லை. ச்சே என்று இன்னொரு பலூனை ஊத ஆரம்பித்தாள்.