பி 5 கிளி

மும்தாஜ் அந்த நாவலை என் மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். "உங்கம்மாவ படிக்கச் சொல்லு, அவ கதைதான் இதுல இருக்குது" என்றாளாம்.

அட்டையில் ஒரு கேசட். பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவன் சேவியர். கதை நடப்பது விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில். அதில் வருகிற பெண் இருநூறு பக்கமும் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நான் என்றைக்குத் தரையைப் பார்த்தேன்? பார்த்து நடந்திருந்தால் வாரத்துக்கு நாலு பொம்மையை இடறி உடைத்திருக்க மாட்டேன்.

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை அது. ஊருக்குள் சிடி வந்துவிட்டிருந்தது. எங்கள் கம்பெனியில் மட்டும் சூப்பர்வைசரின் டேப்ரெக்கார்டர்தான். கேசட்டும் ஒன்றே ஒன்று, அவர் கடையில் லிஸ்ட் கொடுத்துப் பதிவு செய்தது. காலையில் ஏ பக்கம், முடிந்தால் பி, திரும்பவும் ஏ. அச்சிலிருந்து வந்த ஈரப் பொம்மைகளை ஸ்பாஞ்சால் துடைத்து மழமழப்பாக்குவது எனக்கும் மும்தாஜுக்கும் வேலை. இன்றைக்கும் எங்காவது ஈரக் களிமண் வாடை அடித்தால் ஏ பக்கத்தின் முதல் பாட்டு எனக்குள் தானாக ஓடும்.

சேவியர், பொம்மைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்கிப் போகிறவன். மாலையில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். என் வயசுதான். என்னைப் பார்த்தால் அவன் கையில் பலகை ஆடும்.

ஆரம்பித்தது நான்தான். நாவலில் அவன், சரி, அது போகட்டும். பொம்மையின் அடிப்பக்கத்துக்குப் பளபளப்புப் பூச்சு கிடையாது. பூசினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெற்று இடத்தில் கொண்டை ஊசியால் 'ஏ 3' என்று கீறி அனுப்புவேன், பலகையில் அடுக்கும்போது அவன் திருப்பிப் பார்த்துக்கொள்வான். ஏ பக்கம், மூன்றாவது பாட்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் சர்ச் ரோட்டில் போகும்போது அது கேட்க வேண்டும். கேட்கும். ஃபாதர் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராதபடி, குத்துப் பாட்டைக்கூட ஜெபப் பாட்டு மாதிரி இழுத்து வாசிப்பான். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே போவேன், செயின் கழன்றுவிட்டதாகப் பேர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் அது காதல்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

கீறியது சூளையில் வெந்தால் அழியாது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனால் பொம்மையை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

ஒருநாள் ஸ்ரீமுஷ்ணத்துக் கடைக்காரர் வந்தார். "போன தடவ குடுத்த பி ஃபைவ் கிளி ரெண்டு டஜன் வேணுங்க. நல்லா போவுது."

"அப்பிடி ஒரு மாடலே கெடையாதே" என்று சூப்பர்வைசர் விழித்தார். கடைக்காரர் பையிலிருந்து ஒரு கிளியை எடுத்துத் தலைகீழாகக் காட்டினார்.

டேப்ரெக்கார்டர் நின்றது. எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார் சூப்பர்வைசர். "யாரு வேல இது? சொல்லலன்னா மொத்தப் பேரும் வூட்டுக்குப் போங்க."

சேவியர் தரையைப் பார்த்தான். ஆமாம், அவனேதான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நான்தாங்க சார் எழுதுனன். பாட்டு நம்பரு" என்றேன்.

"யாருக்கு எழுதுன?"

"எனக்குத்தாங்க. எனக்குப் புடிச்ச பாட்டு. எழுதுனதுல என்னாங்க தப்பு?"

"நாளையிலேர்ந்து நீ வராத."

வீட்டில் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அதையும் தரையைப் பார்க்காமல்தான் வாங்கினேன். ரிசல்ட் வந்ததும் சேவியர் சென்னைக்குப் போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நாவலில் என்ன நடக்கிறது தெரியுமா? கதாநாயகன் வரிசையிலிருந்து முன்னால் வந்து, "எழுதுனதுல என்னாங்க தப்பு?" என்று கேட்கிறான். அவள் அழுகிறாள். அன்றைக்கு அவன் பயந்ததில் எனக்குக் கோபமே இல்லை. பதினேழு வயசு. எனக்கும்தான் பயமாக இருந்தது. ஆனால் நான் கேட்ட கேள்வியைத் தூக்கித் தன் வாயில் வைத்துக்கொண்டானே, அது எனக்கு ஆறவே இல்லை.

மும்தாஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "வுடுடி. நீதான் பேசுனன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான நின்னேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்தால் போதுமா? அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கேசட்டும் போயிற்று, சூப்பர்வைசர் கைப்பட எழுதி அதில் ஒட்டியிருந்த பாட்டு லிஸ்ட்டும் போயிற்று. பொம்மைகள் மட்டும் ஸ்ரீமுஷ்ணத்திலோ சேத்தியாத்தோப்பிலோ யார் வீட்டு ஷோகேஸிலாவது என் கையெழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பி 5 எந்தப் பாட்டு என்று சொல்ல இனி நானும் சேவியரும்தான். அதைப் பற்றி அவன் நாவலில் மூன்று பக்கத்துக்கு உருகி உருகி எழுதியிருக்கிறான். பி 5 என்று நினைத்து அவன் எழுதியிருப்பது பி 4 பாட்டை. சரியான பாட்டு எனக்குத் தெரியும். அவனிடம் சொல்வதாக இல்லை.