கட்டிலுக்கு அடியில் ஒரு நீலப் பை

கருகிய சீனியின் வாசம் என் மூக்குக்கு மட்டும்தான் வரும். அடுப்பில் எதுவும் இருக்காது, பக்கத்து வீட்டிலும் யாரும் பாகு காய்ச்சியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வாசம் வந்துவிட்டால் அடுத்தது வலிப்புதான் என்பது சின்ன வயதிலேயே எனக்கு அத்துப்படி. தெருவில் அதற்கு "காக்கா வலிப்பு" என்று பெயர். என்னை முதலில் தத்தெடுத்த குடும்பம் அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைத் திரும்பவும் பிள்ளைகள் இல்லத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது.

அதனால் அம்மாவும் அப்பாவும் என்னைப் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தபோது நான் உஷாராக இருந்தேன். இல்லத்தில் கொடுத்த நீலப் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவே இல்லை. பை கட்டிலுக்கு அடியில் தயாராகக் கிடந்தது. வேளை தவறாமல் மருந்து கொடுத்த அம்மா, பையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துவைத்த துணிகளை மடித்துத் திரும்ப அதிலேயே வைத்துவிடுவார். லோரி ஓட்டும் அப்பாவோ அதிகம் பேசமாட்டார், "சாப்பிட்டியா கண்ணு?" என்பதோடு சரி.

அந்த ஆடி மாதம் கிள்ளானில், அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் திருவிழா. உறுமி மேளம் அதிர, சாம்பிராணிப் புகைக்குள் நின்றிருந்தபோது சீனி கருகியது. பலகாரக் கடையாக இருக்கட்டும் ஆத்தா என்று வேண்டிக்கொண்டதுதான் தெரியும். மீதியைப் பிறகு அப்பா சொன்னார். நான் விழுந்து உதறியதும் கூட்டம் விலகி, "பிள்ளைக்கு அருள் வந்துருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். ஒருவர் என் கைக்குள் எலுமிச்சம்பழத்தைத் திணிக்க, இன்னொருவர் நெற்றி நிறையத் திருநீறு பூச, பூசாரி குனிந்து, "வந்திருக்கிறது யாரு தாயே?" என்று பயபக்தியோடு கேட்டாராம். மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்களாம். என்ன கூத்து!

அர்ச்சனை வரிசையில் நின்ற அம்மா தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். செவ்வாய், வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிறவர், சந்நிதிக்கு எதிரிலேயே, "சாமி இல்லைங்க, எம் மக! மேளத்த நிறுத்துங்க லா!" என்று கத்தியிருக்கிறார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்து, எல்லாம் அடங்கும்வரை ஒருத்தரையும் கிட்ட அண்டவிடவில்லை.

கண் விழித்தபோது அத்தை வீட்டில் படுத்திருந்தேன். சமையலறையில் அத்தையின் குரல் கேட்டது: "நல்ல பிள்ளையா பார்த்து எடுத்திருக்கலாம்ல அண்ணி? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல." அம்மா என்ன பதில் சொன்னார் என்று கேட்பதற்குள் அசதியில் மறுபடி தூங்கிவிட்டேன்.

மறுநாள் வீடு திரும்பியதும் நானே பையை இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தேன், செருப்பையும் கழற்றாமல் நின்றேன். அழவில்லை. போன தடவையும் அப்படித்தான் கிளம்பினேன்.

அதைப் பார்த்த அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, என் துணிகளை எல்லாம் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். காலியான பைக்குள் மருந்தையும் ஒரு துண்டையும் மாற்றுச் சட்டையையும் சோபாவில் கிடந்த குட்டித் தலையணையையும் வைத்தார். "இனிமே கோயிலுக்கோ பாசாருக்கோ எங்க போனாலும் இந்தப் பை நம்மகூட வரும்" என்றவர், என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "அது வரும், போகும். நீ எங்கயும் போகமாட்ட" என்றார். அப்பா குனிந்து என் செருப்பைக் கழற்றினார். அப்போதுதான் அழுதேன், அப்படி ஓர் அழுகை.

அந்தப் பை போகாத கல்யாண மண்டபம் இல்லை. அதே அத்தையே பின்னாளில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மெதுவா போடி!" என்று என் பின்னாலேயே வந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

இன்று அந்த அடுக்குமாடி இல்லை, அம்மாவும் அப்பாவும் அதே அலமாரியோடு வேறு வீட்டுக்கு மாறிவிட்டார்கள். நீலப் பையும் நைந்து போய்விட்டது. மருந்தின் புண்ணியத்தில் கருகிய சீனி வாசம் வந்து ஆண்டுக்கணக்காகிறது. கல்யாணமாகிப் பூச்சோங்குக்குக் கிளம்பிய அன்று துணிகளை எல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பாதியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அவை இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன.