வில்லேஜ் நம்பர்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதிய நீளமான தாள், ரேஷன் கார்டில் என் வீட்டுக்காரர் பெயரை நீக்கச் சொல்லிக் கொடுத்த மனுதான். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். நாலு பேர் நிற்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள். வாயால் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்களிடம் ஒரு ஜீப் இருக்கிறது. என்னைவிட மூத்தது. கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்ததை, அவர்கள் புது வண்டி எடுத்தபோது என் வீட்டுக்காரர் வாங்கினார். அவர் அங்கே டிரைவர். மலையில் இருக்கிற பழைய ஜீப்புகளில் முக்கால்வாசிக்கு டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். இவர் மாட்டேன் என்றார். பெட்ரோல் குடிக்கிறதே என்று நான் முனகினால், "அதுக்கு அந்த நெஞ்சுதான். வேற நெஞ்சு வெச்சா அது வேற வண்டி" என்பார்.

எங்களுக்கு இருப்பது ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். செம்மநத்தம் போகிற வழியில், பஸ் திரும்ப முடியாத சரிவில் இருக்கிறது. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே தோல் உரிக்கிற மிஷினுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மூட்டைக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் பழம் சூடேறிப் புளித்துவிடும். கொட்டையில் நாற்றம் ஏறிவிடும். அதனால் எங்களுக்கு ஜீப் என்பது வசதி இல்லை. அது ஓடினால்தான் வெள்ளாமை.

வீட்டுக்காரர் செய்த ஒரே தப்பு, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றாமல் விட்டது. முத்திரைத்தாளில் எஸ்டேட்காரர்கள் எழுதிக் கொடுத்ததும், அவர்கள் பெயரில் இருந்த பழைய ஆர்.சி. புத்தகமும்தான் கையில் இருந்தன. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தவர் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பின் என் கொழுந்தனார் வண்டியை ஓட்டினார். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் செக்கிங்கில் யாரும் மறிக்கவில்லை. இவர் ஓட்டத் தொடங்கியதும் புத்தகத்தைக் காட்டு என்றார்கள். கேட்டது நியாயம்தான். ஆர்.சி. காலம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அந்த ஏஜென்ட் வந்தார். ஏற்காட்டில் பங்களா வாங்குகிறவர்களுக்கு வண்டிப் பேப்பர் வேலை பார்த்துக் கொடுக்கிற ஆள். நாங்கள் கூப்பிடவில்லை. அவராகவே வந்து, ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜின் நம்பரை செல்லில் படம் எடுத்தார். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"அம்பது வருசம் தாண்டின வண்டிக்குன்னே கவர்மென்ட்டுல தனி நம்பர் குடுக்கறாங்கம்மா. வி.ஏ. நம்பருன்னு பேரு. பத்து வருசத்துக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்க பேர்லயே வாங்கித் தந்தர்றேன்."

"வி.ஏ.ன்னா என்னங்க?" என்று கொழுந்தனார் கேட்டார்.

"விண்டேஜுங்க."

அவர் சொன்னது அதுதான். எங்கள் காதில் விழுந்தது வில்லேஜ். என் காதிலும் அப்படித்தான் விழுந்தது, கொழுந்தனார் காதிலும் அப்படித்தான் விழுந்தது. மலை கிராமத்து வண்டிகளுக்கு அரசாங்கம் தனியாக நம்பர் கொடுக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? எங்களுக்கு வருகிறது எல்லாமே அந்த வார்த்தையோடுதான் வருகிறது. வில்லேஜ் ஆபீஸ், வில்லேஜ் ரோடு, வில்லேஜ் நர்ஸ். விண்டேஜ் என்ற வார்த்தையை என் வயதுக்கு நான் கேட்டதே இல்லை.

ஆனால் ஒன்றை நான் மறக்கவில்லை. கூச்சத்தை விட்டு அன்றைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏனுங்க, வில்லேஜ் நம்பர்னா தோட்டத்து மூட்டையெல்லாம் ஏத்திக்கலாமுங்களா?" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். எனக்கு என்ன புரிந்திருக்கிறது, என்ன புரியவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

"ஆமாங்கம்மா, வில்லேஜ்தான். உங்க வண்டி, உங்க மூட்டை. யாரு கேக்கப் போறா?" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். ஆறு இடத்தில். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பழைய ஆர்.சி. புத்தகத்தையும் முத்திரைத்தாளையும் "ஒப்படைக்கணுமுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்துப் புதுப் பிளேட் வந்தது. ஊரே வந்து பார்த்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, வி.ஏ.ன்னு போட்டு ஓ-வ உட்டுட்டாங்களே. நம்ம வி.ஏ.ஓ. வண்டியா இது? அப்ப பட்டா மாத்த இனி ஆபீசுக்கு நடக்க வேண்டாம், இதும்முன்னாலயே கையெடுத்துக் கும்புட்டுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தனார், "சும்மா இருங்க மாமா, இது வில்லேஜ் நம்பர். நம்ம ஊருக்கே வந்த நம்பர்" என்று பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பழம் பறிக்கிற பருவம் தொடங்கிய நாலாவது நாள், கொட்டச்சேடு தாண்டினதும் வண்டியை மறித்தார்கள். பின்னால் பதினோரு மூட்டைப் பழம். நான் முன்சீட்டில் இருந்தேன். சோதனைக்கு வந்திருந்த அதிகாரி பிளேட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், மறுபடி பிளேட்டைப் பார்த்தார்.

"என்னப்பா, விண்டேஜ் வண்டியில லோடு ஏத்திட்டு வர்ற?"

"வில்லேஜ் வண்டிங்க சார். எங்க தோட்டத்துப் பழந்தானுங்க."

"வில்லேஜா? யாரு சொன்னது?"

கொழுந்தனார் சொன்னார். அந்த அதிகாரி சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அதற்காக அவருக்கு நன்றி. ரோட்டோரமாக நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் புரியவைத்தார். விண்டேஜ் என்றால் பழமையான வண்டி. ஆசைக்கு வைத்துப் பார்க்கிற வண்டி. கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம், பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கு எடுத்துப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். அன்றாட வேலைக்கு ரோட்டில் ஓட்டக்கூடாது.

"அப்ப இந்தப் பதினோரு மூட்டையும் கண்காட்சின்னு எழுதிக்கங்க சார். பார்க்க நல்லாத்தான இருக்கு, செக்கச்செவேல்னு" என்றார் கொழுந்தனார். குரல் உடைந்துபோயிருந்தது.

"பழைய புத்தகம் இருந்திருந்தா பேர மாத்தி, எஃப்.சி. காட்டி, ரினீவல் பண்ணி ஓட்டிருக்கலாமேம்மா. அத எங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

நான் வண்டியைவிட்டு இறங்கினேன். மூட்டைகளை இறக்கி ரோட்டோரத்தில் அடுக்கினோம். வேறு வண்டி கிடைத்து மிஷினுக்குப் போவதற்கு மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. சாக்கைப் பிரித்தபோது வந்த புளித்த வாடை என் சேலையில் இரண்டு துவைப்பு வரை இருந்தது.

நாலு நாள் கழித்து அதே ஏஜென்ட் வந்தார். வெட்கம் இல்லாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "இனி இது ரோட்டுல ஓடாதுங்கம்மா. சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போயிரும். ஏற்காட்டுல எனக்குத் தெரிஞ்ச பங்களா ஐயா ஒருத்தருக்குப் பழைய வண்டின்னா உசுரு. நல்லாப் பாத்துக்குவாரு. ஒரு தடவ வந்து பேசுங்க" என்றார்.

அப்போதுதான் எல்லாம் எனக்கு வரிசையாகப் புரிந்தது. அவர் இன்ஜின் நம்பரைப் படம் எடுத்தது யாருக்காக, புத்தகத்தை வாங்கிப் போனது எதற்காக என்று. ஓடுகிற வண்டியை நாங்கள் விற்க மாட்டோம். ஓடாத வண்டியை விற்போம். ஓடாமல் ஆக்குவதற்கு என் கையெழுத்து ஆறு இடத்தில் வேண்டியிருந்தது.

போனேன். கொழுந்தனார்தான் "கேட்டுட்டாவது வரலாம் அண்ணி" என்று கூட்டிப்போனார். பங்களாவுக்குப் பின்னால் பெரிய ஷெட். உள்ளே ஏழு வண்டிகள், எல்லாவற்றுக்கும் துணி மூடியிருந்தது. துணியை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார் அந்த ஐயா. எல்லாம் பளபளவென்று இருந்தன. எதிலும் சேறு இல்லை. எட்டாவதுக்கு இடம் விட்டுத் தரையில் கோடு போட்டிருந்தார்கள்.

"உங்க ஜீப் நொம்ப அபூர்வம்மா" என்றார். எங்கள் பேச்சைப் பேசிக் காட்டுகிறாராம். "ஒரிஜினல் இன்ஜின். அதோட மதிப்பு உங்களுக்குத் தெரியல. அதுல மூட்டை ஏத்தறதே பாவம். கதவுல ஒரு நசுங்கல் இருக்கே, அதைக்கூட நான் தட்டி எடுக்க மாட்டேன். அதுதான் அழகு."

அந்த நசுங்கல், பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணைக் கொட்டுகிற மழையில் இறக்கிக் கொண்டு வந்தபோது, பாறையில் உரசி என் வீட்டுக்காரர் வாங்கினது. அந்தப் பெண் இன்றைக்கும் என் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். அதை இவர் அழகு என்கிறார். வண்டிக்குக் கெட்ட காலம் வந்தால்கூட இவர்களுக்கு அது அழகு.

ஐயாவுக்குப் பின்னால் நின்றிருந்த ஏஜென்ட் பக்கம் திரும்பினேன்.

"நான் வில்லேஜான்னு கேட்டனே, ஆமான்னு சொன்னியே. எதுக்குச் சொன்னே?"

யாரையும் நீ என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. கொழுந்தனாரே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க தப்பாக் கேட்டீங்க. அதுக்கு நான் என்ன..."

"நான் தப்பாக் கேட்டேன். நீ சரியாத்தான கேட்டே? நான் தப்பாக் கேட்டது உனக்குத் தெரிஞ்சுதல்ல? அதச் சொல்லு."

அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா செல்லைப் பார்த்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பேப்பர் வேலை அவர் பாக்கறது" என்றார். தெரியாதவர் எதற்குத் தரையில் கோடு போட்டு வைத்தார்? கேட்டேன். அதையும் கேட்டுவிட்டேன்.

"பழைய புக்கு எனக்கு வேணும். ஜீப்பு உங்களுக்கு இல்ல. அது ஓடாம என் ஊட்டு வாசல்லயே நின்னு துருப்பிடிச்சுக் கொட்டட்டும். இந்த ஷெட்டுக்குள்ள துணி போத்திப் படுக்காது."

வெளியே வந்தபோது வியர்த்திருந்தது. ஏற்காட்டுக் குளிரில் வியர்வை. கொழுந்தனார் கேட்டை இழுத்துச் சாத்தினார். பிறகு, "அண்ணி, இந்த வாய எங்க வெச்சிருந்தீங்க இத்தன நாளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இந்த வாய் இருந்திருந்தால் இன்றைக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை நினைத்தால் ஏஜென்ட் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் பக்கமே திரும்புகிறது. மீதிப் பாதி இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் சேலம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், பழைய பதிவையே திரும்பக் கேட்டு மனு கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தி, மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். புத்தகத்தை ஏஜென்ட் கொண்டுவரவில்லை. அன்றைக்குப் பறித்த ஒன்பது மூட்டைப் பழத்தை வாடகைப் பிக்கப் ஏற்றிப் போனது.