சாலைக்கும் ஓர் ஆடிட்

கருத்தம்மாவுக்கு இடது கால் சற்று இழுக்கும். சாயல்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஷிப்ட் விட்டு ரோட்டைக் கடந்தபோது கம்பெனி வேன் ஒன்று தட்டிவிட்டுப் போனதில் வந்த இழுப்பு அது. அன்றிலிருந்து, அந்த இடத்தில் சிக்னல் வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளோடு ஒரே மேஜையில் துணி பார்க்கும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒருவழியாகப் பதில் வந்தது. ட்ரோனைப் பறக்கவிட்டு, மேலிருந்து படமெடுத்து, எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்று எண்ணுவார்களாம். நெரிசல் தெரிந்தால் சிக்னல். கருத்தம்மா அன்றைக்கு எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள்.

இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கேடுகெட்ட பழக்கம். யாராவது பார்க்க வந்தால் போதும், ஆடிட் என்று நினைத்துக்கொள்வார்கள். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வரும் நாளில் மட்டும்தான் எங்கள் கக்கூஸில் சோப்பு இருக்கும். த்தூ! ட்ரோனுக்கும் அதே ஜோடனை நடந்தது. வேன்களை உள்ளே பூட்டினார்கள். ரோட்டோரத்து வேஸ்ட் மூட்டைகளை அள்ளினார்கள். எங்களைப் பின்கேட் வழியாகப் போகச் சொன்னார்கள்.

கருத்தம்மா முதலாளி தமிழ்செல்வன் முன்னால் போய் நின்றாள்.

"கூட்டத்தப் படம் எடுக்கத்தானய்யா வாராக? ரோட்டத் தொடச்சு வச்சா எப்படிச் சிக்னல் குடுப்பாக?"

"மேல இருந்து பார்த்தா நம்ம ஏரியா அசிங்கமாத் தெரியக்கூடாதில்லீங்க அக்கா? எல்லாக் கம்பெனியும் சேர்ந்து பேசுனதுங்க."

நல்ல காரியம் செய்கிற நினைப்பில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ட்ரோன் பறந்த அன்று ஷிப்ட் விட்டதும், சூப்பர்வைசர் விரட்ட, எல்லோரும் பின்கேட்டுக்குப் போனோம். கருத்தம்மா மட்டும் முன்கேட்டில் இறங்கி, அண்ணாந்து ட்ரோனைப் பார்த்தபடி வெறிச்சோடிய ரோட்டைக் கடந்தாள்.

முடிவு வந்த அன்று தமிழ்செல்வன் லட்டு கொடுத்தார். "நம்ம ரோடு பாஸாயிருச்சுங்க! நெரிசலே இல்லீங்களாமா. சிக்னல் தேவையில்லைன்னு எழுதிட்டாங்க."

ட்ரோன் எடுத்த படத்துக்குப் பிரேம் வேறு போட்டு, ஆடிட் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். துடைத்துவிட்ட மாதிரி சாலை. நடுவில் எறும்பளவு ஒரு புள்ளி.

"ஷிப்ட் விடற நேரத்துலயே ஒரே ஒரு ஆளுதானுங்க. யாருன்னுதான் தெரியல."

"நாந்தேன்" என்றாள் கருத்தம்மா. லட்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் ரோட்டைக் கடக்க முன்கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் கம்பெனி வேன்தான் முதலில் வந்தது. அது நிற்கவில்லை.